ஊருக்கு ஓரழகு: காவிரிப் படுகையில் குடும்பத்தோடு ஒரு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

“திருவாரூர்த் தேரழகு, திருவிடைமருதூர்த் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு” என்று தஞ்சை வட்டாரத்து முதியவர்கள் அடுக்கிச் சொல்வார்கள். ஊருக்கு ஓர் அழகுக்கு மேல் அவர்கள் சொன்னதில்லை. குடும்பத்தோடு முதன்முறை ஒரு நாள் பயணம் புறப்பட்டபோது நான் இதை மறந்துவிட்டு, ஏழு இடங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். நான்காவது இடத்துக்குப் போகும்போதே பிள்ளைகள் வண்டியில் உறங்கிவிட்டார்கள். ஆறாவது இடத்தில் என் தாயார் இறங்க மறுத்துவிட்டார். ஏழாவது இடம் இருட்டில் கடந்து போனது. அதன் பிறகு செய்த பயணங்களில் கடைப்பிடித்த முறையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பெரிய கோயில், நவக்கிரகத் தலங்கள், வேளாங்கண்ணி, நாகூர் ஆகியவற்றுக்கு வழி சொல்ல ஆள் இருக்கிறார்கள் என்பதால், அவ்வளவாகப் பேசப்படாத இடங்களையே எடுத்துக்கொண்டுள்ளேன்.

முதல் படி: ஊரை விட்டு ஆற்றைத் தேர்ந்தெடுங்கள்

காவிரிப் படுகையின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், கல்லணை ஒரு விசிறியின் கைப்பிடியைப் போலவும், அங்கிருந்து பிரியும் ஆறுகள் விசிறியின் மட்டைகளைப் போலவும் தெரியும். காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் அங்கே பிரிகின்றன. மிகுதி நீர் கொள்ளிடத்துக்குப் போகிறது. பின்னர்க் காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு முதலியனவும், வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு முதலியனவும் கிளைக்கின்றன. ஆற்றின் போக்கிலேயே செல்லும் சாலைகளில் பயணம் தடையில்லாமல் நகரும். ஆறுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தெற்கு வடக்காகச் செல்லும்போது, பாலத்துக்குப் பாலம் வளைவும், கடைத்தெரு நெரிசலும் நேரத்தைத் தின்றுவிடும். வரைபடத்தில் 30 கிலோமீட்டர் என்று தெரிவது அதனால்தான் ஒன்றேகால் மணி நேரமாக நீள்கிறது. ஆகவே ஒரு நாளுக்கு ஓர் ஆற்றை எடுத்துக்கொண்டு, அதன் போக்கில் மூன்று இடங்கள், மிஞ்சிப்போனால் நான்கு இடங்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்த இடங்களிலும் ஒவ்வொன்றில் ஒரே ஒரு பொருளை மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள்.

இரண்டாம் படி: மாதத்தைப் பாருங்கள்

படுகையில் எதைப் பார்ப்பது என்பதைக் காலமே முடிவு செய்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் நாள் மூடப்படும். அணையின் நீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பு முன்பின் ஆவதுண்டு. ஆற்றில் நீரைக் காண விரும்புவோர் ஜூலை முதல் ஜனவரிக்குள் செல்ல வேண்டும். பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆனால் நவம்பரும் டிசம்பர் முற்பாதியும் வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் உரியவை. உப்பளங்களில் வேலை நடப்பதைக் காண வெயில் காலம் வேண்டும். மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். இவை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டால், பொங்கலை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களே குடும்பப் பயணத்துக்கு மிகவும் உகந்தவை என்பது என் கருத்து. சம்பா கதிர் பழுத்து நிற்கும், வெயில் கடுமையாகாது, பறவைகளும் இருக்கும். ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. அறுவடை தொடங்கிவிட்டால் கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும், அறுவடை இயந்திரங்கள் எதிரே வரும். அப்போது நேரத்தைச் சற்றுக் கூட்டியே கணக்கிடுங்கள்.

மூன்றாம் படி: முன்கூட்டியே பேசி வையுங்கள்

கோயில்கள் பொதுவாக நண்பகல் 12 மணியளவில் நடை சாத்தப்பட்டு மாலை 4 மணிக்குத் திறக்கப்படும். இந்த நான்கு மணி நேரம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், சிலை, விளக்கு, நாகஸ்வரம் செய்யும் பட்டறைகளையும் மதிய உணவையும் அந்த இடைவெளியில் அமைத்துக்கொள்ள வேண்டும். பட்டறைகள் கண்காட்சிக் கூடங்கள் அல்ல என்பதால், முதல் நாளே தொலைபேசியில் “நாளை என்ன வேலை நடக்கும், பிள்ளைகளை அழைத்து வரலாமா” என்று கேட்டுவிடுவது மரியாதையும் ஆகும், பயனும் தரும். அமாவாசையன்று பல பட்டறைகள் வேலையை நிறுத்திவிடும். அருங்காட்சியகங்களின் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டியதில்லை. அதையும் முன்பே கேட்டறியுங்கள்.

காவிரி வழி: கல்லணையிலிருந்து நாச்சியார்கோயில் வரை

முதன்முறை செல்பவர்களுக்கு இந்த வழியையே பரிந்துரைப்பேன். திருச்சியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ காலை 6 மணிக்குப் புறப்பட்டால், வெயில் ஏறுவதற்குள் கல்லணையை அடையலாம். கரிகாலன் கட்டியதாக மரபு கூறும் இந்த அணையை, அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கான இடமாகவே பெரும்பாலோர் பயன்படுத்துகின்றனர். பிள்ளைகளை அணையின் மேலே நடத்தி அழைத்துச் சென்று, இரு பக்கத்து நீர்மட்டத்தையும் காட்டுங்கள். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்வானது. தடுப்பு இல்லாவிட்டால் காவிரி நீர் தாழ்ந்த பக்கமாகவே ஓடி வடிந்துவிடும், தஞ்சை வயல்கள் காய்ந்துவிடும். கல்லணை அந்த நீரை வயல்களின் பக்கம் நிறுத்துகிறது. வெள்ளம் மிகும்போது மட்டும் மிகுதியைக் கொள்ளிடத்துக்கு விடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இந்த அமைப்பை ஆராய்ந்த பிறகே முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் எழுப்பினார். இவ்வளவையும் சொல்ல அரை மணி நேரம் போதும். மதகுகளுக்கு அருகில் குளிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்; மேலே அமைதியாகத் தோன்றும் நீருக்கு அடியில் இழுப்பு பலமாக இருக்கும்.

அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு செல்லுங்கள். இவ்வூரில் தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையிலேயே உள்ளது. பிள்ளைகளுக்கு உரிய அழகு ஐயாறப்பர் கோயிலின் தெற்குப் பிராகாரத்தில் இருக்கிறது. அங்கே குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று “ஐயாறா” என்று உரக்க அழைத்தால், ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். எண்ணிப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் நான்கு என்றார், ஒருவர் ஏழு என்றார், அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. பாசிப்பருப்பில் கிளறும் அசோகா இவ்வூருக்கு உரிய இனிப்பு. அதைச் சூடாக இருக்கும்போதே உண்ண வேண்டும்.

பத்தரை மணிக்குள் சுவாமிமலையை அடைந்துவிட்டால், நாளின் மையமான பகுதி தொடங்குகிறது. அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயர்களைத் தாங்கிய அறுபது படிகளில் ஏறி முருகனை வணங்கியதும் பலர் திரும்பிவிடுகின்றனர். ஸ்தபதிகளின் பட்டறைகளில் சோழர் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் மெழுகு வார்ப்பு முறையில் இன்றும் செப்புத்திருமேனிகள் உருவாகின்றன. இதற்கு முழுதாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பட்டறையில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்பது முக்கியம். முதலில் ஒடியோலையைக் காட்டச் சொல்லுங்கள். வேண்டிய உயரத்துக்கு நறுக்கிய மெல்லிய தென்னை ஓலையை அளவுக்கேற்ப மடித்து, அந்த மடிப்புகளைக் கொண்டே முகம், மார்பு, இடுப்பு, கால் ஆகியவற்றின் விகிதங்களைக் குறிக்கிறார்கள். அளவுகோலில் எண்களைப் படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு, எண்ணே இல்லாமல் அளக்கும் முறை வியப்பைத் தரும். அடுத்தது மெழுகு. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கிய கலவையைச் சூடு காட்டி இளக்கி, கையாலும் சிறு கத்தி போன்ற கருவியாலும் உருவத்தைச் செய்கிறார்கள். கைகளும் ஆயுதங்களும் அணிகளும் தனித்தனியே செய்யப்பட்டு ஒட்டப்படுகின்றன. மெழுகு உருவத்தைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு விரல் அழுத்தம் பட்டாலும் ஒரு நாள் வேலை கெட்டுவிடும்.

மூன்றாவதாக மண் பூச்சைப் பார்க்க வேண்டும். மெழுகின் மேல் முதலில் பூசப்படுவது காவிரியின் மென்மையான வண்டல் மண். மோதிரத்தின் கோடு, ஆடையின் மடிப்பு என்று மெழுகில் உள்ள ஒவ்வொரு நுணுக்கத்தையும் அந்த மண்ணே உள்வாங்கிக்கொள்கிறது. அதன் மேல் வயல் களிமண்ணும், பின்னர் மணல் கலந்த மண்ணும் கனமாகப் பூசப்படுகின்றன. பெரிய அச்சுகளை இரும்புக் கம்பியால் கட்டுகிறார்கள். நிழலில் உலர்ந்த அச்சை வறட்டி அடுக்கிச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வடிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு அச்சை உடைத்தே திருமேனியை எடுக்க வேண்டும் என்பதால், ஓர் அச்சில் ஓர் உருவம்தான் கிடைக்கும். ஒரே நாளில் இந்த நிலைகள் எல்லாம் உங்கள் முன் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பட்டறையில் ஒரே சமயத்தில் பல உருவங்கள் வெவ்வேறு நிலையில் இருக்கும் என்பதால், ஒரு சுற்றிலேயே முழுக் கதையையும் பார்த்துவிடலாம். வார்ப்பு நடக்கும் நாளைக் கேட்டறிந்து சென்றால் நல்லது. அப்போது சிறு பிள்ளைகளை உலையிலிருந்து மிகவும் தள்ளியே நிறுத்துங்கள்.

வாங்குவது பற்றியும் ஒரு சொல். திருமேனியின் விலையை அதன் எடையும் செதுக்கு வேலையின் நுணுக்கமும் முடிவு செய்கின்றன. பட்டறையைச் சுற்றிக் காட்டியதற்காக ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொண்டோம் என்ற எண்ணம் இருந்தால், சிறிய விளக்கு ஒன்றை வாங்கினாலே போதும். வெளிநாட்டு உறவினர்களுக்காகச் சிலை வாங்குவோர் ரசீதைக் கட்டாயம் பெற வேண்டும்; பழம்பொருள் அன்று என்னும் தொல்லியல் துறையின் சான்றிதழையும் பெற்றுக்கொண்டால் விமான நிலையத்தில் தொல்லை இராது.

மதிய உணவைக் கும்பகோணத்தில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பொருளைச் செய்யும் கையில் ஆர்வமுள்ளவர்கள் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாச்சியார்கோயிலுக்குச் சென்று, குத்துவிளக்கின் அடிப்பாகமும் தண்டும் தட்டும் உச்சியில் உள்ள அன்னமும் தனித்தனியே வார்க்கப்பட்டு, கடையப்பட்டு, திருகிப் பொருத்தப்படுவதைப் பார்க்கலாம். இசையில் ஈடுபாடுள்ள குடும்பம் மயிலாடுதுறைச் சாலையில் உள்ள நரசிங்கம்பேட்டைக்குச் செல்லட்டும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தின் உத்தரங்களும் தூண்களும் அங்கே நாகஸ்வரத்தின் உலவாக, அதாவது அதன் நீண்ட குழல் பகுதியாக மாறுகின்றன. பல ஆண்டுகள் வீட்டைத் தாங்கி நன்கு உலர்ந்த மரத்தில்தான் நாதம் சரியாக அமையும் என்பது அவர்களுடைய அனுபவம். 2022ஆம் ஆண்டு நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மாலை 4 மணிக்கு மேல் வெளிச்சம் இருந்தால் தாராசுரத்தில் நாளை முடிக்கலாம். அங்கும் ஓர் அழகு போதும். காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் கண்டுபிடிக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, நீங்கள் புல்வெளியில் சற்று ஓய்வாக அமரலாம்.

வெண்ணாற்று வழி: வடுவூரிலிருந்து முத்துப்பேட்டை வரை

இது சற்றே கடினமான பயணம். ஆயினும் பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த நாள் படுகையில் அமையாது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில், ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் வடுவூர் ஏரி உள்ளது. 2022ஆம் ஆண்டு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்தப் பறவைகள் சரணாலயத்துக்குக் காலை 7 மணிக்குள் சென்றுவிட்டால், கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, இரை தேடப் புறப்படும் கூட்டத்தைப் பார்க்கலாம். ஒரு தொலைநோக்கியை எடுத்துச் செல்லுங்கள். அது இல்லாமல் ஏரியின் நடுவே இருப்பவை புள்ளிகளாகவே தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது, அதுவும் போதும். மன்னார்குடியில் ராஜகோபால சுவாமி கோயிலின் மதிலையும், கடல் போல் விரிந்த ஹரித்ரா நதித் தெப்பக்குளத்தையும் பார்த்துக்கொண்டே சிற்றுண்டியை முடித்துவிட்டுத் தெற்கே செல்லுங்கள்.

முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டுக்குப் படகில்தான் செல்ல முடியும். ஜாம்புவானோடையிலிருந்து கோரையாற்றின் வழியாகப் படகுகள் செல்கின்றன. வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். முன் ஏற்பாடு இல்லாமல் ஒரு முறை மதியம் இரண்டரை மணிக்குப் படகுத்துறையில் போய் நின்றேன். காற்று ஏறிவிட்டது, இனிப் படகு விட முடியாது என்று ஒரு மீனவர் பொறுமையாக விளக்கினார். முழுத் தவறும் என்னுடையதே. முதல் நாளே பேசி, காலை பத்து பத்தரைக்குள் படகில் ஏறும்படி திட்டமிடுங்கள். உயிர்காப்பு மேலங்கியை எல்லோரும் அணிய வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. காயலின் நடுவே நிழலும் குடிநீரும் கழிப்பறையும் கிடையா. தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிள்ளைகளுக்கு மாற்றுடை ஆகியவற்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

ஆற்றில் சற்றுத் தூரம் சென்றதும் இரு கரைகளும் பச்சைச் சுவர்களாகின்றன. சேற்றிலிருந்து பென்சிலை நட்டு வைத்தாற்போல் மேல்நோக்கி நிற்பவை அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால், வேர் வெளியே தலையை நீட்டி மூச்சு விடுகிறது. இம்மரத்தின் இலை, உள்ளே வந்த உப்பை வெளியே கசிய விடும். வெயில் நேரத்தில் படகோட்டி ஓர் இலையைக் காட்டினால், அதன் மேல் விரலை ஓட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். பாடநூலில் பத்து முறை படித்தாலும் பதியாதது, அந்த ஒரு கரிப்பில் பதிந்துவிடும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டில் உண்டு. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு என்பதால், கிளைகளை ஒடிக்க விடாதீர்கள். 2018 நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல் இந்தக் காட்டைக் கடுமையாகச் சிதைத்தது. பட்ட மரங்கள் நின்ற இடங்களையும், இளங்கன்றுகள் எழுந்த இடங்களையும் படகோட்டிகள் அடையாளம் காட்டுவார்கள். அவர்களைப் பேச விட்டுக் கேளுங்கள். கடல்நீர் உள்ளே சென்று வர மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கன்று நடும் முறையையும் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

திரும்பும் வழியை மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலத்தின் பக்கமாகத் திருப்புங்கள். அங்கே மூணாறு தலைப்பு என்னும் இடத்தில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. காலையில் படகில் சென்ற அதே கோரையாறு இங்கேதான் தொடங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நீடாமங்கலத்தின் பால்திரட்டு என்னும் பால் இனிப்பைச் சிறு பொட்டலமாக வாங்கிக்கொள்வதும் நாளின் ஒரு பகுதியே.

கடற்கரை வழிகள் இரண்டு

வேதாரண்யத்துக்குச் செல்பவர்கள் அகத்தியம்பள்ளியிலிருந்து தொடங்கலாம். 1930 ஏப்ரல் 13ஆம் நாள் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள், ஏப்ரல் 30ஆம் நாள் உப்பு அள்ளிய இடம் அது, நினைவுத்தூண் உள்ளது. சுற்றிலும் இன்றைய உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை 2023ஆம் ஆண்டு ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நேரம் பொருந்தினால் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு காட்சியாகும். அங்கிருந்து கோடியக்கரைச் சரணாலயம் அருகில்தான். 1967ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இச்சரணாலயத்தில் வெளிமான்களையும் மட்டக்குதிரைகளையும் அதிகாலையிலோ மாலையிலோ புல்வெளியில் காணலாம். குளிர்காலத்தில் சதுப்பு நிலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். நண்பகலில் சென்றால் எதுவும் தென்படாது என்பதால், உப்பளத்தை முதலிலும் சரணாலயத்தை மாலையிலும் வையுங்கள்.

தரங்கம்பாடி எளிமையான பயணம். முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஏற்றது. 1620ஆம் ஆண்டு தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை, நுழைவாயில், பழைய தெரு, தேவாலயங்கள், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் ஆகிய எல்லாமே நடக்கும் தூரத்தில் உள்ளன. 1706ஆம் ஆண்டு இங்கு வந்திறங்கிய ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்திலிருந்துதான் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அரை நாளில் இவ்வூரை முடித்துவிட்டு, மாலையில் காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்குச் சென்றுவிடலாம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடி சரபோஜி மன்னர் சாளுவநாயக்கன்பட்டினத்தில் எழுப்பிய மனோராவைப் பலர் கேட்பார்கள். கோபுரம் அழகுதான், ஆனால் அது மற்ற இடங்களிலிருந்து விலகி இருப்பதால், பட்டுக்கோட்டைப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி, உணவு, கழிப்பறை

எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் வேன் எடுப்பதே நல்லது. ஆனால் பெரிய வேன் ஆற்றங்கரைச் சாலைகளில் எதிர் வண்டிக்கு வழிவிடத் திணறும் என்பதால், அவ்வட்டாரத்து ஓட்டுநரையே அமர்த்துங்கள். கழிப்பறை வசதி கல்லணை, கும்பகோணம், மன்னார்குடி போன்ற பெரிய இடங்களில் கிடைக்கும். இடையில் உள்ள கிராமங்களில் கிடைப்பது அரிது. எனவே பெண்களையும் முதியவர்களையும் கேட்டே நிறுத்தங்களை முடிவு செய்யுங்கள். காலை உணவைக் கட்டி எடுத்துச் செல்வதும், மதியம் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்காருவதும் எங்களுக்குப் பொருந்தியது. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆற்றங்கரை மரநிழலில் உண்ணும்போது எந்த உணவகத்துக்கும் குறைந்தவை அல்ல, இலையையும் காகிதத்தையும் வண்டியிலேயே திரும்பக் கொண்டுவரும் பை ஒன்று இருந்தால் போதும். மாலை 6 மணிக்குப் பிறகு புதிய இடம் எதையும் சேர்க்காதீர்கள். இருட்டிய பின் வயல் நடுவே செல்லும் சாலைகளில் விளக்கில்லாத மாட்டுவண்டியும், டிராக்டரும், சாலையோரத்து நெற்குவியலும் மிக அருகில் வந்த பிறகே கண்ணில் படும்.